பிஸ்கட் கம்பெனிக்காக ஒரு மன்றாட்டு

என் மகள் என்ன வேலை செய்கிறாள் என்று யாராவது கேட்டால் நான் கொஞ்சம் தடுமாறுவேன். மகன் போலீஸ், மருமகள் டீச்சர், தம்பி சொந்தமாக லாரி ஓட்டுகிறான் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிற ஊர் இது. எனக்கு மட்டும் நாலு வரி தேவைப்படுகிறது. பெரிய கம்பெனிகளில் ஏதாவது சிக்கல் வந்தால் இவளுடைய கம்பெனியைக் கூப்பிடுவார்கள். இவளும் இன்னும் சிலரும் அங்கே போய் இரண்டு மூன்று மாதம் உட்கார்ந்து, கணக்கு வழக்கெல்லாம் பார்த்து, மேலிருந்து கீழ்வரை எல்லாரிடமும் பேசி, இனி இப்படிச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு வருவார்கள். மேனேஜ்மென்ட் கன்சல்டிங் என்று அதற்குப் பெயர்.

"அப்போ யோசனை சொல்ற வேலை," என்றார் எதிர்வீட்டு அக்கா, முதல் தடவை இதைக் கேட்டபோது.

"ஆமாங்க்கா."

"அதுக்குப் போயி சம்பளமா? எங்க வூட்டுல எல்லாரும் சும்மாவேதான் சொல்லிக்கிட்டுக் கெடக்கறோம்."

இன்று சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். ஆனால் அவள் இந்த வேலைக்குள் போய்ச் சேர்ந்த காலத்தின் பயம் இன்னும் என்னை விடவில்லை. அவள் போன் கொஞ்ச நேரம் அணைந்திருந்தால் போதும், கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு வாசலுக்குப் போய்விடுவேன். எதற்குப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

நாங்கள் இருப்பது தருமபுரி மாவட்டத்தில், பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில். நான் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. வீட்டுக்காரர் எங்கள் நிலத்தில் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்க்கிறார். ஒரே மகள். இன்ஜினியரிங் முடித்துவிட்டுப் பரீட்சை எழுதி வங்கியில் ஆபீசர் ஆனாள். தருமபுரியிலேயே கிளை கிடைத்தது. காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயிலை விட்டு வெளியே வந்தால், பெண்ணைப் பெற்றவர்கள் எங்களிடம் வந்து எந்தக் கோச்சிங் சென்டர் என்று விசாரிப்பார்கள். அந்தப் பெருமையை நான் நன்றாகவே அனுபவித்தேன்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, பெங்களூரில் எம்.பி.ஏ. படிக்க இடம் கிடைத்திருக்கிறது, வேலையை விடப்போகிறேன் என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதாவது, அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து அவள் கிளம்புகிற நாள்வரை அதை மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"படிச்சு முடிச்சா மறுபடியும் பேங்க்லயே சேத்துக்குவாங்களா?"

"மாட்டாங்கப்பா."

"அப்பச் சரி. யோசிச்சுத்தான் சொல்ற."

அந்த மாதிரிக் கல்லூரிகளில் வேலைக்கு ஆள் எடுப்பதற்கென்று ஒரு பருவம் உண்டு. முதல் வருடத்தில் கோடை விடுமுறைப் பயிற்சிக்கு எடுப்பார்கள். இரண்டாம் வருடத்தில் நிரந்தர வேலைக்கு எடுப்பார்கள். கன்சல்டிங் கம்பெனிகள்தான் முதல் ஆளாக வரும். அவர்களுடைய நேர்முகத்தில் உன்னைப் பற்றிச் சொல், உன் பலம் என்ன பலவீனம் என்ன என்பதெல்லாம் சும்மா ஒரு சில நிமிடம்தான். அதன்பின் ஏதாவது ஒரு கம்பெனியின் சிக்கலைச் சொல்லி, இதை எப்படித் தீர்ப்பாய் என்று கேட்டுவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதைத்தான் கேஸ் என்கிறார்கள். நாம் கேள்வி கேட்டுத்தான் விவரங்களை வாங்க வேண்டும். கேட்காததைத் தர மாட்டார்கள். விடை முக்கியமில்லையாம், யோசிக்கிற விதம்தான் முக்கியமாம். பத்தாம் வகுப்புக்கு விடைத்தாள் திருத்துகிற என்னிடம் இதைச் சொன்னபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை.

முதல் வருடப் பருவத்தில் ஒரு சனிக்கிழமை. வெயில் ஏறிய மத்தியானம். கேட் திறக்கிற சத்தம் கேட்டு வெளியே வந்தேன். மகள் நின்றுகொண்டிருந்தாள். கறுப்புக் கோட்டு, கறுப்பு பேன்ட், இறுக்கிக் கட்டிய தலைமுடி. கையில் ஒரு ஃபைல் மட்டும். பை இல்லை. கோட்டின் பொத்தான்கூடப் போட்டபடியே இருந்தது. முகமெல்லாம் வேர்வை வழிந்தது.

"என்னம்மா இது?" என்றேன். உள்ளே வந்து உட்கார்ந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. புழுக்கொட்டகையிலிருந்து வந்த அவள் அப்பா, ஒன்றும் கேட்காமல், சின்னப் பிள்ளைக்குச் சட்டை கழற்றுவதுபோல் ஒவ்வொரு கையாக அந்தக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார்.

சாயங்காலம்தான் பேசினாள். கேள்வி கேட்டார்களாம். இவளுக்கு ஒன்றுமே வரவில்லையாம். தலைக்குள் எல்லாம் வெளுத்துப்போன மாதிரி இருந்ததாம். எதிரில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்க, பாதியில் எழுந்து கதவைத் திறந்து வெளியே வந்து, அப்படியே நடந்து பஸ் ஏறிவிட்டாள். நேர்முகத்துக்குப் போகும்போது எல்லாருடைய போனையும் வாங்கி வைத்துவிடுவார்கள். அவள் போன் அங்கேயே கிடந்தது. தோழிகள் கல்லூரி முழுக்கத் தேடியிருக்கிறார்கள்.

தோல்வி அடைந்தாள் என்பது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பள்ளியில் தினமும் பார்ப்பதுதான். பெங்களூரிலிருந்து தருமபுரி வரைக்கும், அங்கிருந்து டவுன் பஸ்ஸில் எங்கள் ஊர் வரைக்கும், கையில் போன் இல்லாமல், யாருக்கும் தெரியாமல், அந்தக் கோட்டோடு ஒரு பெண் ஜன்னல் ஓரமாக வந்திருக்கிறாள். அந்த நேரம் முழுக்க நான் துணி துவைத்துக்கொண்டும், ரேடியோவில் பாட்டுக் கேட்டுக்கொண்டும் இருந்தேன். என்னை ஆட்டியது அதுதான். இன்னும் அந்த ஆட்டம் நிற்கவில்லை.

திரும்பிப் போனாள். பிறகு வந்த ஒரு பெயிண்ட் கம்பெனியில் பயிற்சி கிடைத்தது. நன்றாகவே செய்தாள். எனக்கு உயிர் வந்தது. இனி பெயிண்ட்தான் என்று நான் மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். வீட்டுக்குக்கூட அந்தக் கம்பெனி பெயிண்டையே அடிக்கச் சொன்னேன்.

இரண்டாம் வருடம், கடைசிப் பருவம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், விடுமுறைக்கு வந்தாள். பெட்டியைத் திறந்தால் துணிக்கு மேலே ஒரு கட்டுக் காகிதம். எல்லாம் கேஸ்.

"மறுபடியுமா?" என்றேன். "பெயிண்ட் கம்பெனி நல்லாத்தானே இருக்குது?"

"நல்லாத்தான் இருக்குது. ஆனா எனக்கு இந்தக் கேள்விங்கதான் புடிச்சிருக்குதும்மா. அதுதான் கஷ்டம்."

தோழிகளோடு போனில் பயிற்சி செய்வாள். நான் பக்கத்து அறையில் உட்கார்ந்து கேட்பேன். தண்ணீர் ஓடுவதுபோலப் பேசுவாள். அப்புறம் என்ன பயம் என்று கேட்டதற்கு, "அவங்க மூஞ்சி தெரிஞ்ச மூஞ்சி. தெரியாத ஒருத்தரு எதுத்தாப்புல உக்காந்து சும்மா பாத்துட்டு இருந்தாத்தான் எனக்கு அப்படி ஆவுது," என்றாள்.

முதலில் அவள் அப்பா முன்வந்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு காகிதத்தை வாங்கினார். ஒரு சிமென்ட் கம்பெனி புது ஊரில் தொழிற்சாலை கட்டலாமா என்று கேள்வி. மேலிருந்து கீழ்வரை மெதுவாகப் படித்தார். பிறகு நிமிர்ந்து, "கட்ட வேண்டாம்னு கீழயே போட்டிருக்குதே. அப்புறம் எதுக்கு உன்னக் கேக்கறாங்க?" என்றார்.

"அப்பா, அதை நீங்க சொல்லக் கூடாது. நான்தான் கண்டுபுடிக்கணும்."

"தெரிஞ்சு வச்சுக்கிட்டுச் சொல்லாம இருக்கறது என்ன பழக்கம்?" என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இலை வெட்டப் போய்விட்டார்.

அடுத்தது நான். நான் சொல்லிவிட மாட்டேன், ஆனால் என் முகம் சொல்லிவிடும். பள்ளியில் செய்முறைத் தேர்வின்போது பிள்ளைகள் சோதனைக் குழாயைப் பார்ப்பதில்லை, என் புருவத்தைப் பார்த்துத்தான் விடையைத் திருத்துவார்கள். மகளும் அதையே செய்தாள். போக்குவரத்துச் செலவு என்று ஆரம்பித்து என்னைப் பார்த்தாள், "சரி, போக்குவரத்து இல்ல," என்று தானே மாற்றிக்கொண்டாள், "விலைய ஏத்தலாம்" என்றாள், பார்த்தாள், "ஏத்தலாம்தான்" என்று முடித்துவிட்டு, "அம்மா, நீ ஒரு துண்டு எடுத்து மூஞ்சிய மூடிக்கயேன்," என்றாள்.

அந்த வாரம் அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டு முறை. எங்கள் கோயில் பங்கில் அடுத்தடுத்த வீடுகள் சேர்ந்தது ஒரு அன்பியம். வாரம் ஒரு மாலை ஏதாவது ஒரு வீட்டில் கூடுவோம். பாட்டு, விவிலிய வாசகம், பிறகு ஒவ்வொருவரும் தங்கள் மன்றாட்டைச் சத்தமாகச் சொல்வோம். மற்றவர்கள் சேர்ந்து, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்போம். கடைசியில் சுண்டலும் டீயும். அன்பியத் தலைவி ஒரு ஓய்வு பெற்ற நர்ஸ். ஊரே அவரை நர்சம்மா என்றுதான் கூப்பிடும். வேலைக்காலம் முழுக்க ஆஸ்பத்திரி வார்டில் நோயாளியின் உறவினர் முகத்தைப் பார்த்து எதையும் காட்டிக்கொள்ளாமல் இருந்து பழகியவர். பிழைப்பாரா என்று கேட்டாலும், பாத்ரூம் எங்கே என்று கேட்டாலும் அவர் முகம் ஒரே மாதிரிதான் இருக்கும். பாஸ்கா விழாவில், கிறிஸ்து உயிர்த்தார் என்று மணி அடிக்கும்போதுகூட அது மாறியதில்லை.

அன்று அவர்தான் முதலில் வந்தார். சோபாவில் கிடந்த காகிதத்தைப் பார்த்து என்ன என்று கேட்டார். மகள் விளக்கினாள். விளக்கிக்கொண்டே அந்த முகத்தைப் பார்த்தாள். நான் அவள் கண்ணைப் பார்த்தேன், எனக்குப் புரிந்துவிட்டது.

"நர்சம்மா, எனக்கு ஒரு தடவ இதைக் கேக்கறீங்களா? நான் எதாச்சும் கேட்டா மட்டும் கீழ இருக்கற விவரத்தச் சொல்லுங்க. கேக்கலன்னா சொல்லாதீங்க."

"சிரிக்கணுமா?"

"வேண்டாங்க."

"அப்பச் சரி," என்று பிளாஸ்டிக் நாற்காலியை எதிரில் இழுத்துப் போட்டுக்கொண்டார். அதற்குள் மற்றவர்களும் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். எதிர்வீட்டு அக்கா முன்வரிசையில். அக்காவின் பிறந்த வீடு ஓசூர்ப் பக்கம். ஏதாவது ஆச்சரியமாக இருந்தால் அவருக்குக் கன்னடம்தான் வரும்.

நர்சம்மா படித்தார். ஒரு பிஸ்கட் கம்பெனி. விற்பனை ஏறிக்கொண்டே போகிறது, லாபம் குறைந்துகொண்டே போகிறது. ஏன்?

"ஹவுதா," என்றார் அக்கா, அப்படியா என்பதற்கு.

மகள் பேனாவைத் திறந்தாள். வாய் திறக்கவில்லை. நர்சம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமும் இல்லை, கனிவும் இல்லை. மகளின் முகத்திலிருந்து ஏதோ ஒன்று மெல்ல வடிந்து போவது எனக்குத் தெரிந்தது. அந்தச் சனிக்கிழமை வாசலில் பார்த்த அதே முகம். நான் பாதி எழுந்துவிட்டேன். நர்சம்மா என் பக்கம் திரும்பாமலே கையை மட்டும் தூக்கி, "உக்காருங்க டீச்சர்," என்றார்.

மகள் எழுந்தாள். அடுக்களைக்குள் போய்விட்டாள். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. பாயில் இருந்தவர்கள் செபத்துக்கு வந்தவர்கள்தான், அமைதியாக உட்கார்ந்திருப்பது அவர்களுக்குப் பழக்கம். பின்பக்கக் கதவு வழியாக வெளியே போய்விடுவாளோ என்று அந்தக் குழாய்ச் சத்தத்தையே பிடித்துக்கொண்டிருந்தேன். அது நின்றது. மகள் கையைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

நர்சம்மா ஒன்றுமே நடக்காததுபோல அதே கேள்வியை அதே குரலில் முதலிலிருந்து படித்தார்.

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்லட்டுங்களா?" என்றாள் மகள்.

"யோசி. எனக்கு மாத்திரை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறந்தான்."

பாயில் யாரோ சிரித்தார்கள். மகள் காகிதத்தில் ஏதோ கோடு போட்டாள். பெரிய பாக்கெட் எவ்வளவு விற்கிறது, சின்னப் பாக்கெட் எவ்வளவு விற்கிறது என்று கேட்டாள். நர்சம்மா கண்ணாடியை இறக்கி, தேடி, கேட்டதை மட்டும் சொன்னார், ஒரு சொல் அதிகமில்லை. அக்காவால்தான் பொறுக்க முடியவில்லை.

"இதுல என்ன யோசிக்கறதுக்கு இருக்குது? மொதலாளியோட மருமவன் திங்கறான்."

"அப்படி இருக்கலாம் பெரிம்மா. அதுக்கு என்ன ஆதாரம்னு பாக்கணும்," என்றாள் மகள், பணிவாக.

"ஆதாரமா? எந்த மருமவன் ஆதாரம் வச்சிட்டுத் திங்கறான்?"

கடைசியில் மகள் சொன்னாள். சின்னப் பாக்கெட்டுதான் அதிகம் விற்கிறது, அதில் உறைக்கும் வண்டிக்கும் ஆகிற செலவு பெரிய பாக்கெட்டைவிட அதிகம், அதனால்தான் விற்க விற்க லாபம் குறைகிறது என்றாள். நர்சம்மா காகிதத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், காகிதத்தை மடித்து அவளிடம் கொடுத்தார். சரியா தப்பா என்று சொல்லவில்லை. "செபத்த ஆரம்பிக்கலாம்," என்றார்.

வாசகம் முடிந்து மன்றாட்டு வந்தது. ஒருவர் மழைக்காக, ஒருவர் மகனின் வீசாவுக்காக. அக்காவின் முறை. கண்ணை மூடிக்கொண்டு உருக்கமாக, "ஆண்டவரே, நட்டத்துல தவிக்கிற அந்த பிஸ்கட் கம்பெனிக்காகவும், அதுல வேல செய்யற குடும்பங்களுக்காகவும் உம்மை மன்றாடுகிறோம். அந்த மருமவனுக்கும் நல்ல மனசக் கொடுத்தருளும்," என்றார்.

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்," என்றோம் எல்லாரும். பழக்கத்தில் நானும் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. மகள் தலையைக் கவிழ்த்திருந்தாள், முதுகு குலுங்கியது. அழுகிறாள் என்று பதறிக் குனிந்து பார்த்தேன். சிரிப்பை அடக்கத் துப்பட்டாவைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரக் கூட்டத்தில் அக்கா உட்கார்ந்ததும் முதல் கேள்வியே, "அந்தக் கம்பெனி இப்ப எப்படி இருக்குது?" என்பதுதான். அது பயிற்சிக்காக எழுதிய கதை, அப்படி ஒரு கம்பெனியே இல்லை என்று மகள் சொன்னாள்.

அக்கா விடவில்லை. "அப்போ நாம போன வாரம் செபிச்சது?"

"வேற எந்தக் கம்பெனிக்காச்சும் போயிருக்கும்," என்றார் நர்சம்மா, முகம் மாறாமல்.

விடுமுறை முடிகிறவரை நர்சம்மா தினமும் மாலையில் வந்தார். யாரும் அழைக்கவில்லை. வருவார், நாற்காலியை இழுப்பார், கையை நீட்டுவார், மகள் காகிதத்தைக் கொடுப்பாள். விமானக் கம்பெனி, மருந்துக் கடை, பள்ளிக்கூடம், பைக் விற்கிறவர்கள். பின்னாலேயே அக்காவும் வந்துவிடுவார். எல்லாக் கேஸுக்கும் அவரிடம் அந்த மருமகன்தான் விடை. விமானக் கம்பெனிக்கு மட்டும் இரண்டு மருமகன்கள். என்னை அடுக்களைக்கு அனுப்பிவிட்டார்கள். "டீச்சர் இங்க இருந்தா ரூமே வெடவெடங்குது," என்றார் நர்சம்மா. நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே காதைக் கொடுத்துக்கொண்டிருப்பேன். சில நாள் மகள் ஓடுவாள், சில நாள் நின்றுவிடுவாள். ஒரு நாள் மறுபடியும் எழுந்து அடுக்களைக்கு வந்து, நான் நறுக்கிய வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவள் பக்கம் திரும்பாமல் இருக்கப் பட்ட பாடு கொஞ்சமில்லை. அவள் தானாகத் திரும்பிப் போனாள். சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு அப்படித் தோன்றவே இல்லை.

அவளை ரயிலேற்றிவிட்டு வரும்போது வீட்டுக்காரரிடம், "மறுபடியும் எந்திரிச்சு வந்துட்டான்னா?" என்று கேட்டேன்.

"வந்தா வரட்டும். வழிதான் தெரியுமே," என்றார்.

பருவத்தின் முதல் நாள் எங்கள் பள்ளியில் அரையாண்டுத் தேர்வு. தேர்வு அறையில் போன் வைத்திருக்கக் கூடாது. தலைமை ஆசிரியரிடம் போய் நின்றேன். என் முகத்தைப் பார்த்ததும், "சத்தம் இல்லாம வச்சிக்கங்க டீச்சர்," என்று விட்டுவிட்டார். மேசை இழுப்பறையில் போனை வைத்து, இழுப்பறையைக் கொஞ்சம் திறந்தே வைத்திருந்தேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் வரிசைகளுக்கு நடுவே நடப்பேன், இழுப்பறையைப் பார்ப்பேன். இப்போது உள்ளே போயிருப்பாள். இப்போது கேள்வி கேட்டிருப்பார்கள். இப்போது எழுந்திருப்பாளோ? பெங்களூரிலிருந்து வரும் பஸ் தருமபுரிக்கு எத்தனை மணிக்கெல்லாம் வரும் என்று மனது தானாகக் கணக்குப் போட்டது.

தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. வராந்தாவுக்கு ஓடினேன்.

"அம்மா, நான்தான். ஆபீஸ் போன்லேர்ந்து பேசறேன். மொதக் கம்பெனி வேண்டாம்னுட்டாங்க."

"எங்கம்மா இருக்க? பஸ்லயா?"

"பஸ்ஸா? காலேஜ்லதான் இருக்கறேன். சாப்பாடு போட்டிருக்காங்க. நல்லாவே இல்ல. இன்னொரு கம்பெனி இருக்குது, அதுக்குப் போவணும். சும்மா சொல்லலாம்னு கூப்புட்டேன். நீ பதறிட்டு இருப்பன்னு தெரியும்."

"நான் ஒண்ணும் பதறல."

"சரி சரி. வைக்கட்டா?"

வேண்டாம் என்று சொல்லப்பட்டவள் ஓடிவராமல், சாப்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டு நிற்கிறாள். சாயங்காலம் வந்த வேலைச் செய்தியைவிட அந்தக் குரல்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. வகுப்புக்குள் திரும்பி வந்தபோது முன்வரிசைப் பெண் ஒருத்தி, "மிஸ், பாஸாங்க மிஸ்?" என்று கேட்டாள். "பேப்பரப் பாத்து எழுது," என்றேன்.

இரண்டாவது கம்பெனி எடுத்துக்கொண்டது. கொஞ்சம் சின்னக் கம்பெனிதான், ஆனால் அவள் ஆசைப்பட்ட அதே வேலை. சாயங்காலம் அவள் சொன்னதும் புழுக்கொட்டகைக்கு ஓடினேன். கூடு கட்டுகிற பருவத்துக்கு முன்னால் புழுக்கள் ஓயாமல் தின்னும், கொட்டகை முழுக்க மழை பெய்கிற மாதிரிச் சத்தம் இருக்கும். வீட்டுக்காரர் இலை போட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். "அப்படியா," என்றார். தொடர்ந்து இலை போட்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பார்த்தேன், ஏற்கெனவே போட்டு மூடிய தட்டிலேயே மறுபடியும் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வாரக் கூட்டத்தில் விஷயத்தைச் சொன்னபோது நர்சம்மா தலையை மட்டும் ஆட்டினார். சுண்டலை இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார். அவர் அப்படி வாங்கி நான் பார்த்ததில்லை.

வேலையில் சேர்ந்தாள். திங்கள்கிழமை விடியும் முன் கிளம்பி ஏதாவது ஓர் ஊருக்குப் பறக்கிறாள். வெள்ளிக்கிழமை திரும்புகிறாள். ஒரு மாதம் டயர், அடுத்த மாதம் மருத்துவமனை. ஓட்டலில் தங்குகிறாள், அங்கே தலையணை அதிகமாம். இது என்ன பிழைப்பு என்று நான் நாலு வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்டுவிடுவேன். அவள் சிரிப்பாள். ஆனால் உள்ளுக்குள் எனக்கு ஒரே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. வேலை கிடைத்தது ஒரு நாள் சமாசாரம். இந்த வேலையே தினமும் தெரியாத முகங்களுக்கு முன்னால் உட்கார்ந்து பதில் சொல்வதுதானே. அங்கே மறுபடியும் அப்படி ஆகிவிட்டால்?

போன மாதம் ஊருக்கு வந்திருந்தாள். காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அவளும் அவள் அப்பாவும் அடுக்களையிலேயே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சட்னியைத் தொட்டுக்கொண்டே, பஸ் லேட்டானதைச் சொல்கிற மாதிரி, "போன வாரம் மறுபடியும் அப்படி ஆச்சும்மா," என்றாள்.

கரண்டி என் கையில் நின்றது.

"கிளையன்ட் ஆபீஸ்ல. பெரிய ஆளுங்க எல்லாம் மேசையச் சுத்தி உக்காந்திருந்தாங்க. நான்தான் நின்னு சொல்லிட்டு இருந்தேன். ஒருத்தரு நடுவுல ஒரு கேள்வி கேட்டாரு. அவ்வளவுதான். வெளுத்துப் போச்சு."

"வெளிய வந்துட்டியா?"

"இல்லையே. அங்கேயே நின்னேன்."

"எவ்வளவு நேரம்?"

"தெரியல. ரொம்ப நேரம் மாதிரி இருந்துச்சு. எங்க மேனேஜரு எந்திரிக்கப் பாத்தாரு. வேண்டாம்னு சைகை காட்டினேன். அவங்க என்னப் பாத்துட்டு இருந்தாங்க, நானும் அவங்களப் பாத்துட்டு இருந்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, வந்துச்சு. பாதிதான் வந்துச்சு. அதச் சொன்னேன். மீதிய நாளைக்குச் சொல்றேன்னேன். சரின்னுட்டாங்க." தட்டை நகர்த்தினாள். "இன்னொண்ணு போடும்மா."

அந்த அறை எப்படி இருந்திருக்கும், கதவு எந்தப் பக்கம் இருந்திருக்கும், எத்தனை முகங்கள், இவள் எந்த இடத்தில் நின்றாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் தோசை கருகும் வாசனை வந்தது. வீட்டுக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு மகளிடம் சொன்னார்:

"நீ சொல்லி முடிச்சிட்டு வந்துட்ட. உங்கம்மா இன்னும் அந்த ரூம்லயேதான் நின்னுட்டு இருக்கறா."

மகள் எழுந்து வந்து என் கையிலிருந்து கரண்டியை வாங்கித் தோசையைத் திருப்பிப் போட்டாள்.